எய்யா, உனக்கு என்ன குறை என்று கேட்கமாட்டேன்

எய்யா,

போன வாரம் போனில் "எல்லாம் இருக்கும்மா, எதுலயும் பிடிப்பு இல்ல" என்றாய். பக்கத்தில் இருந்த உன் அத்தை, "கை நிறையச் சம்பளம், அவனுக்கு என்ன குறை?" என்றாள். அவளுக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன். உன்னிடம் போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதான் எழுதுகிறேன்.

கிராம சுகாதார செவிலியராக சேரன்மகாதேவி, வீரவநல்லூர்ப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். பிள்ளை பெற்ற பெண்களிடம் "தூங்குறியா, சாப்பிடுறியா, எதுலயாவது ஆசை இருக்கா?" என்று கேட்பேன். உன்னிடமும் அதையே கேட்கிறேன். தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், பிரியமாகச் செய்ததெல்லாம் சலித்து, இப்படியே இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். அது சோம்பலும் இல்லை, நன்றி கெட்டதனமும் இல்லை. மருந்து இருக்கிறது, உட்கார வைத்துப் பேசிக் குணப்படுத்துகிற முறையும் இருக்கிறது. நீ இருக்கிற பெங்களூரிலேயே, ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. ராத்திரி மனசு தாங்கவில்லையென்றால் 14416-க்குப் போன் போடு. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா? நேராகவே கேட்கிறேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று ஊரில் பயப்படுகிறார்கள். அப்படி வராது. கேட்டால்தான் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதற்கு மாத்திரை கிடையாது. தீபாவளிக்கு வந்தபோது உன் பையில் பிரிக்காத டப்பாக்களைப் பார்த்தேன். புதுசு எதற்கும் மனசு சீக்கிரம் பழகிவிடும். விற்கிறவனுக்கு அது நன்றாகத் தெரியும். பழகின கையோடு அடுத்ததைப் போனில் காட்டுகிறான். வாங்கின சந்தோஷம் வடிந்த பிறகும் இஎம்ஐ மட்டும் மாசாமாசம் போகிறது. அதைக் கட்டுவதற்காகவே பிடிக்காத வேலையில் இருக்கிறேன் என்று நீயே சொன்னாய். உன் மேல் எனக்குக் கோபமில்லை. இருபத்தைந்து வயதுப் பிள்ளையை ராப்பகலாகத் துரத்துகிற அந்த வியாபாரத்தின் மேல்தான் கோபம்.

நம்ம பத்தமடையில் 1887-ல் பிறந்த குப்புசாமியை உனக்குத் தெரியும், ரிஷிகேஷ் சிவானந்தர். மலாயாவில் பத்து வருஷம் டாக்டராக இருந்தார். அந்தக் காலத்தில் அவருக்கு உயர்ந்த உடுப்பு என்றால் உயிர். மோதிரமும் சங்கிலியுமாக வாங்கி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுக்கொள்வாராம். கடைக்குள் போனால் பேரமே பேசமாட்டாராம். அவரே எழுதியிருக்கிறார். 1923-ல் அதையெல்லாம் விட்டு வந்தார். ஊரில் எல்லோரும் அவர் துறவையே பேசுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ரிஷிகேஷ் போயும் வைத்தியத்தை அவர் விடவில்லை. அங்கே வந்த சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் இலவச வைத்தியசாலை நடத்தினார். தெரிந்த தொழில்தான், யாருக்காகச் செய்கிறோம் என்பதுதான் மாறியது.

நீ சாமியாராக வேண்டாம், வேலையையும் விட வேண்டாம். ஆனால் அந்தத் தீபாவளிக்கே, பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாயே, அன்றைக்கு நீ போனைத் தேடவே இல்லை. ராத்திரி இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அந்த மாதிரி வேலை அங்கே எங்கே கிடைக்கும் என்று விசாரி. கிடைத்தால் வாரத்தில் ஒரு சாயங்காலம் போய்ப் பார்.

முதலில் டாக்டர். தேதி வாங்கியதும் சொல், நாகர்கோவில் - பெங்களூர் ரயிலில் திருநெல்வேலியில் ஏறி வந்துவிடுகிறேன். நீ உள்ளே தனியாகப் பேசு, நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. உன் அத்தையிடம் சொல்லவில்லை.

அம்மா