எங்கள் மகளை எழுந்து நின்று வரவேற்ற சபையாருக்கு

அன்பான போதகர் ஐயாவுக்கும், வெள்ளவத்தையில் எங்களோடு ஆராதிக்கும் அக்காமார், அண்ணாமார், அன்ரிமார், அங்கிள்மார், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் எல்லாருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் தத்தெடுத்த மகளின் ஞானஸ்நான ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லத்தான் நினைத்திருந்தோம். முடியவில்லை. மகள் அழுதாள், அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். அதனால்தான் இந்த மடல்.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். சரி, சாப்பாட்டுக் கரியரில் இருந்தே தொடங்குகிறேன்.

மகள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். நாங்கள் இருப்பது நாலாம் மாடி, அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஆலயத்தில் மூன்றாவது வாங்கில் இருக்கும் அன்ரி மூச்சு வாங்க வாசலில் நின்றார். கையில் மூன்று தட்டுக் கரியர். திறந்தால் சரக்குக் கறி. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் அரைத்துப் போட்ட, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற அதே பத்தியக் கறி.

"அன்ரி, நான் பெறவில்லையே" என்றேன்.

"இரவிரவாய் முழிச்சிருக்கிறாய்தானே? பச்சைப்பிள்ளைக்காரி நல்லாச் சாப்பிட வேணும்" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே குசினிக்குள் போய் கோப்பை எடுத்துச் சோற்றைப் போட்டார்.

பதினொரு வருஷம் அந்தக் கறியின் வாசத்தை மற்றவர்களின் வீட்டில்தான் அறிந்திருக்கிறேன். பிள்ளை பார்க்கப் போய், சிரித்துப் பேசி, சவர்க்காரமும் பவுடரும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுத நாட்கள் எத்தனையோ. அன்று அந்த வாசம் என் குசினியில் இருந்து வந்தது. நான் அம்மா என்பதை முதலில் எனக்குச் சொன்னது அந்தக் கறிதான்.

மகள் எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஐந்து மாதம். அதுவரை சிறுவர் இல்லத்தில் அவள் கேட்டது முழுக்கச் சிங்களம். நாங்கள் இருவரும் தமிழில் கொஞ்சக் கொஞ்ச, புதுக் குரல்களைக் கேட்டு மிரண்டாள். ராத்திரியில் கரையோர ரயில் போனால் திடுக்கிட்டு எழும்பினாள். அப்போது சபையின் சிங்கள ஆராதனைக்கு வரும் அக்கா ஒருவர் பின்னேரங்களில் வந்து, அவளை மடியில் வைத்துச் சிங்களத் தாலாட்டுப் பாடினார். முதல் நாளே மகள் தலையைத் திருப்பி அவருடைய வாயையே பார்த்தாள். பிறகு அந்த அக்காவே பாட்டை எனக்குச் சொல்லித் தந்தார். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு மொழியிலும் தாலாட்டு இருக்கிறது. அக்கா, பிள்ளை தனக்குத் தெரிந்த ஒன்றையாவது கையோடு கொண்டு வரட்டும் என்று நினைத்தீர்களே, அந்த மனசுக்கு நன்றி.

பழைய நூல் சேலையில் ஏணை கட்டித் தந்தவருக்கும், புறக்கோட்டையில் அலைந்து நுளம்பு வலை வாங்கி வந்த வாலிபர் சங்கத் தம்பிமாருக்கும் நன்றி. ஆறாம் மாத ஊசிக்குக் கூட வந்த தாதி அக்காவை மறக்க முடியாது. கிளினிக்கில் எல்லாருக்கும் முன்னால் "கர்ப்ப காலத்தில் என்ன பிரச்சினை இருந்தது?" என்று கேட்டார்கள். எனக்கு நா எழவில்லை. அக்கா குனிந்து மெதுவாக விஷயத்தைச் சொல்லிவிட்டு, என் தோளில் வைத்த கையை வீடு வரும்வரை எடுக்கவேயில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்தார் 31ஆம் நாள் ஜெபத்துக்கு வந்தார்கள். பிறந்த நாளில் இருந்து எண்ண வேண்டிய 31ஐ எங்களுக்காக வீட்டுக்கு வந்த நாளில் இருந்து எண்ணினார்கள். அந்த ஜெபத்தில் ஒருவர் மகளைப் பெற்ற தாய்க்காகவும் ஜெபித்தார். அந்தத் தாய் யார், எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் அவருக்காக ஜெபித்த பிறகே விளக்கை அணைக்கிறோம்.

இங்கே ஒன்றை மனம் திறந்து கேட்க வேண்டும். பலர் அன்போடு "பிள்ளை குடுத்து வைச்சவள், நல்ல வீடு கிடைச்சிருக்கு" என்கிறீர்கள். தயவுசெய்து அவள் வளர்ந்த பிறகு அப்படிச் சொல்லாதீர்கள். அவள் யாருக்கும் கடன்பட்டு வளரக் கூடாது. கொடுத்து வைத்தவர்கள் நாங்கள்தான். அவள் வந்த கதையை மறைக்க மாட்டோம், சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சொல்லுவோம். ஆனால் அது அவளுடைய கதை. அவள் விரும்பும்போது அவளே சொல்லட்டும். அதனால்தான் இந்த மடலில் அவளுடைய பெயரைக்கூட எழுதவில்லை.

ஆராதனைக்குப் பிறகு இரண்டு தம்பதிகள் தனியாக வந்து, "பிள்ளையைத் தத்தெடுக்க என்ன செய்ய வேணும்?" என்று கேட்டீர்கள். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் ஊடாகவே போங்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், கடைசியில் மாவட்ட நீதிமன்றம் கட்டளை தர வேண்டும். 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக 25 வயது நிரம்பியவராகவும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும். காலம் எடுக்கும். "தெரிந்த இடத்தில் ஒரு பிள்ளை இருக்குது" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். 1980களில் இந்த நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வெளிநாட்டுக்குக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் இன்று பெரியவர்களாகித் தாயைத் தேடி வந்து, கையில் இருக்கும் பத்திரம் பொய் என்று அறிந்து கலங்கி நிற்கிறார்கள். அதை நினைத்துத்தான் நாங்கள் ஒரு கடதாசியையும் தவறவிடாமல் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறோம். அவள் கேட்கும் நாளில் அப்படியே கையில் கொடுப்போம்.

புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போன ஒவ்வொரு முறையும் எங்களோடு வந்து, ஒரு சதமும் வாங்காத சட்டத்தரணி அண்ணாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்லுவது? நீதிமன்றக் கடதாசியில் "மகவேற்பு" என்ற சொல்லைப் பார்த்தேன். மகவை ஏற்பது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சொல்லைக் கண்ணால் கண்டேன். தாய் தகப்பன் இல்லாத எஸ்தரை மொர்தெகாய் தன் மகளாக எடுத்து வளர்த்ததைப் போதகர் ஐயா சொன்னார். அப்புறம் மகளைக் கையில் வாங்கி, நெற்றியில் தண்ணீர் வார்த்து, இந்தப் பிள்ளையை வளர்க்கத் துணை நிற்பீர்களா என்று சபையைக் கேட்டார். நீங்கள் எல்லாரும் எழும்பினீர்கள். வாங்குகள் ஒன்றாக அசைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முழங்கால் வருத்தத்தோடு கைத்தடியை ஊன்றி எழும்பிய பின் வாங்கு ஐயாவையும் பார்த்தேன். "செய்வோம்" என்று சொன்னீர்கள். அந்தச் சத்தத்துக்கு மகள் அழவில்லை. கண்ணை அகல விரித்து உங்களைப் பார்த்தாள்.

ரயில் சத்தத்துக்கும் இப்போது அவள் திடுக்கிடுவதில்லை. ஜன்னல் பக்கம் கையை நீட்டுகிறாள்.

அன்ரி, உங்கள் கரியர் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தர மனம் வரவில்லை. வருகிற ஞாயிறு பால்புக்கை வைத்துக் கொண்டு வருகிறோம். மேல் தட்டில் இருப்பது மகள் தருவது.

அன்புடன்,
அவளுடைய அம்மாவும் அப்பாவும்
வெள்ளவத்தை, கொழும்பு