மூட்டுநீரோடு ஒரு வரியும் எழுதி அனுப்புங்கள்

காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாக வருபவர்களைப் பார்க்கும் பொது மருத்துவர்களுக்கும், குழந்தை மருத்துவர்களுக்கும், வாதநோய் நிபுணர்களுக்கும், எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவள். நீங்கள் ஊசி வைத்து எடுத்து அனுப்பும் மூட்டுநீர் எங்கள் மேசைக்கு வரும்போது, கூடவே வரும் படிவத்தில் ‘முழங்கால் வீக்கம், காய்ச்சல்’ என்பதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. நோயாளிக்கு எலியோடு ஏதாவது தொடர்பு உண்டா என்ற ஒரு வரி அதில் இருந்தால், நாங்கள் செய்யும் வேலையே மாறிவிடும். அந்த வரி இல்லாததால் எளிதில் குணப்படுத்தக்கூடிய ஒரு நோய் கண்ணில் படாமலே போகிறது.

எலிக்கடிக் காய்ச்சலைத்தான் சொல்கிறேன். வெள்ளத்துக்குப் பின் நாம் அஞ்சும் லெப்டோஸ்பைரா காய்ச்சல் வேறு. இங்கே குற்றவாளி ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் மோனிலிஃபார்மிஸ் என்ற பாக்டீரியா. எலியின் மூக்கிலும் தொண்டையிலும் அதற்கு எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்கிறது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் எலியிடமும் இருக்கும். கடி, பிராண்டல், எச்சில் வழியாக மனிதருக்கு வந்துவிட்டால், பெரும்பாலும் 3 முதல் 10 நாளுக்குள் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், தலைவலி, வாந்தி. அடுத்து கைகால்களில் தடிப்பு, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட. கூடவே ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வலி. பிறகு முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு, விரல் மூட்டுகள் என்று வீக்கம்.

பாடப்புத்தகத்தில் இப்படி வரிசையாக இருக்கிறது. ஆனால் உங்கள் முன்னால் வந்து உட்காரும் நோயாளியிடம் இது இப்படி இருக்காது. காய்ச்சல் வரும் நேரத்தில் கடித்த இடம் ஆறிப்போயிருக்கும், அவரும் அதை மறந்திருப்பார். தடிப்பே இல்லாமல் மூட்டு மட்டும் சீழ் பிடித்து வந்தவர்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். கடியே வாங்காதவர்களும் உண்டு: வளர்ப்பு எலிக்கு முத்தம் கொடுத்தவர், கூண்டைக் கழுவியவர், செத்த எலியை வெறுங்கையால் எடுத்துப் போட்டவர். 1926-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹேவர்ஹில் என்ற ஊரில் 86 பேருக்கு ஒரே நேரத்தில் இந்த நோய் வந்தது. அவர்களை எந்த எலியும் கடிக்கவில்லை. பால் வழியாகப் பரவியது. காய்ச்சாத பாலும், எலி எச்சம் கலந்த உணவும் தண்ணீரும் இன்றும் அதே வழிதான்.

எனவே “எலி கடித்ததா?” என்று மட்டும் கேட்டால் “இல்லை” என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் எலி இருப்பதைச் சொல்லக் கூச்சப்படுபவர் உண்டு. கூண்டில் பெயர் வைத்து வளர்க்கும் பிராணியை ‘எலி’ என்று நினைத்தே பார்க்காதவரும் உண்டு. வீட்டில் என்னென்ன பிராணிகள் இருக்கின்றன, பாம்பு வளர்ப்பவர் என்றால் அதற்கு என்ன தீனி போடுகிறீர்கள், தானியக் கிடங்கிலோ ஆய்வுக்கூட விலங்குகளோடோ வேலையா, சமீபத்தில் கையில் ஏதாவது சிராய்ப்பு பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். குழந்தையானால் பெற்றோரை மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள், குழந்தையையே கேளுங்கள். திட்டு விழும் என்று பயந்து கடியை மறைக்கும் குழந்தைகள் ஏராளம். பதிவான நோயாளிகளில் குழந்தைகளின் பங்கும் பெரிது.

இனி எங்கள் பக்கத்துச் சிக்கல். இந்தக் கிருமி சாதாரண ஏற்பாட்டில் வளராது. ரத்தமோ சீரமோ (ரத்தத்தின் தெளிந்த நீர்) தாராளமாகச் சேர்த்த வளர்ப்பு ஊடகம் வேண்டும், ஈரம் வேண்டும், 5 முதல் 10 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அப்போதும் கண்ணுக்குத் தெரிய 2 முதல் 7 நாள் வரை எடுத்துக்கொள்ளும். இதைவிடக் கொடுமை, வணிகரீதியில் கிடைக்கும் பெரும்பாலான ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பாட்டில்களில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பாலிஅனெத்தால் சல்ஃபோனேட் என்ற பொருள் இதன் வளர்ச்சியையே தடுத்துவிடும். மற்ற கிருமிகளைக் காப்பாற்றி வளர்த்தெடுக்க உதவும் அதே பொருள்தான்! மூட்டுநீரை முழுவதும் அந்தப் பாட்டிலில் ஊற்றி அனுப்பினால் எவ்வளவு திறமையான ஆய்வகமும் வெறுங்கையோடுதான் நிற்கும். நுண்ணோக்கியில் கிருமியைப் பார்க்கப் பூசும் கிராம் சாயத்திலும் நம்பிக்கை வைக்க முடியாது. இந்தக் கிருமி மணி கோத்த மாலைபோல் அங்கங்கே உப்பிய நூல்களாகத் தெரியும். சரியாகச் சாயம் ஏறாமல் வெறும் கசடு என்று ஒதுக்கப்படவும் கூடும்.

ஆகவே எங்களிடமிருந்து ‘வளர்ச்சி இல்லை’ என்று தாள் வந்தால், ‘கிருமி இல்லை’ என்று தயவுசெய்து படிக்காதீர்கள். இந்த மடலை எழுதுவதற்கு முதன்மையான காரணமே இதுதான். இரு கைகளிலும் சின்ன மூட்டுகள் வீங்கியிருக்கின்றன, கல்ச்சரில் ஒன்றும் இல்லை, சரி, முடக்குவாதம் என்று நோய் எதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டெராய்டு தொடங்கினால், உயிருள்ள கிருமிக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். சிகிச்சை கிடைக்காதவர்களில் 10 பேரில் ஒருவர் வரை இறக்கக்கூடும். இதய வால்வில் போய் உட்கார்ந்துவிட்டால் ஆபத்து அதைவிடப் பல மடங்கு. புதிதாக இதய முணுமுணுப்பு கேட்டால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்காமல் அனுப்பாதீர்கள்.

கல்ச்சர் கைவிட்டாலும் வழி இருக்கிறது. மூட்டுநீரிலிருந்து நேரடியாக, பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவைப் பிசிஆர் சோதனையில் பெருக்கி வரிசை பார்த்தால் பெயர் தெரிந்துவிடும். ஆன்டிபயாட்டிக் ஏற்கெனவே தொடங்கியிருந்தாலும் பலன் கிடைக்க வாய்ப்புண்டு. ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் நோட்டோமைட்டிஸ் என்ற உறவுக்கார இனம் 2015-இல்தான் தனியாக விவரிக்கப்பட்டது. அதுவும் மனிதரின் மூட்டைத் தாக்கும். இரண்டையும் பிரித்தறிய மரபணுச் சோதனை கைகொடுக்கும்.

மருந்து விஷயத்தில் உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. பழைய பென்சிலின் இன்றும் நன்றாகவே கேட்கிறது. ஒவ்வாமை இருப்பவர்களுக்கு டாக்சிசைக்ளின். மூட்டில் சீழ் இல்லாத நோய்க்கு ஊசியும் மாத்திரையுமாக இரண்டு வாரம் வழக்கம். மூட்டே சீழ் பிடித்திருந்தால் அது போதாது, நான்கு வாரம் வரை நீட்டிப்பார்கள். சீழை உறிஞ்சியோ கழுவியோ வெளியேற்றவும் வேண்டும். காய்ச்சல் விட்டதையும் ‘வளர்ச்சி இல்லை’ தாளையும் சேர்த்துப் பார்த்து மூன்றாம் நாளே ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

கேட்பது இவ்வளவுதான். சந்தேகம் வந்தால், ஊசி வைப்பதற்கு முன்பே ஆய்வகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். மூட்டுநீரில் ஒரு பகுதியைக் கிருமி நீக்கிய வெறும் குழாயில் தாமதமில்லாமல் கொடுத்தனுப்புங்கள். படிவத்தில் ‘எலித் தொடர்பு உண்டு, ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் சந்தேகம்’ என்று எழுதுங்கள். அந்த வரி இருந்தால் கல்ச்சர் தட்டை இரண்டாம் நாளில் தூக்கி எறியாமல் ஒரு வாரத்துக்கு மேலும் வைத்துப் பார்ப்போம், பிசிஆருக்கும் கொஞ்சம் எடுத்து வைப்போம். ஆனால் எங்கள் முடிவுக்காக நோயாளியைக் காக்க வைக்காதீர்கள். நீர் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுங்கள். ஏதாவது முளைத்தால், எந்த நேரமானாலும் நாங்களே கூப்பிட்டுச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஆய்வக மேசையிலிருந்து உங்கள் சக ஊழியர்