ஏழரை மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள்

ஜெயநகர், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மடிப்பு ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதியிருந்தாய், ஹாஸ்டலில் இருந்து அம்மாவுக்கு எழுதுவாயே, அதே மாதிரி. இரண்டு முறை படித்தேன். உன் மகள் எலக்ட்ரானிக் சிட்டியில் வீடு வாங்கிப் பால் காய்ச்சியது எனக்கு என் வீட்டு விசேஷம் போலவே இருக்கிறது. அக்டோபர் கடைசியில் வந்து ஒரு மாதம் தங்கப் போகிறாய் என்பது அதைவிடச் சந்தோஷம்.

இங்கே எல்லோரும் நலம். முட்டி வலி குறைந்திருக்கிறது. பேரனுக்குப் பல் முளைத்து, கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். மற்றதெல்லாம் நேரில்.

நீ கேட்டதற்கு வருகிறேன். "பேத்திக்குப் பள்ளிக்கூடம், அவர்களுக்கு ஆபீஸ். சாயங்காலமெல்லாம் பால்கனியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு என்னடி செய்வேன்?" என்று எழுதியிருந்தாய். நாடகம் பார்க்கப் போகலாம் வா. வேலையில் இருந்து ஓய்வு பெற்றதில் இருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று நாடகமாவது பார்க்கிறேன். இதுவரை உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம், இதை எப்படிச் சொல்வது என்று தெரியாததுதான். சொல்லிப் பார்க்கிறேன்.

ஜே.பி. நகரில் ரங்க சங்கரா என்று ஓர் அரங்கம் இருக்கிறது. முதல் முறை போனபோது சில்க் போர்டு நெரிசலில் பஸ் மாட்டிக்கொண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு முப்பத்து நான்கு. நாடகம் ஏழரைக்கு. கதவைச் சாத்திவிட்டார்கள். டிக்கெட் கையில் இருக்கிறது, கெஞ்சியும் பார்த்தேன். வாசலில் நின்ற பையன், "ஆரம்பித்த பிறகு யாரையும் விடுவதில்லை அம்மா" என்று பணிவாகத்தான் சொன்னான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கேண்டீனில் ஒரு ஜவ்வரிசி வடையும் காபியும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் வெளியே கேட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்ததை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஆறரைக்கே போய்விட்டேன். உள்ளே உட்கார்ந்தேன், விளக்கு அணைந்தது, கதவு சாத்தப்பட்டது. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. இனி இரண்டு மணி நேரம் என்னை யாரும் கூப்பிட முடியாது. போனை அணைத்தாயிற்று. குக்கர் விசில் இல்லை, காலிங் பெல் இல்லை, "அம்மா, என் சாவி எங்கே?" இல்லை. கல்யாணமான நாளில் இருந்து ஒரு கதையை ஆரம்பம் முதல் முடிவு வரை எழுந்திருக்காமல் நான் பார்த்ததே இல்லை. டிவி சீரியலைக்கூட அடுப்படியில் இருந்து காதால்தான் பார்த்திருக்கிறேன். போன வாரம் என்னை வெளியே நிறுத்திய அதே கதவு அன்றைக்கு எனக்காகச் சாத்தியது போல இருந்தது.

அப்போது உன் ஞாபகம்தான் வந்தது. செய்யாறு பக்கம், புரிசைக்கு அருகில் பிறந்தவள் நீ. கூத்தைப் பற்றி நீ சொல்லாத கதையா? திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கர்ண மோட்சம் நடக்கும், ஆனால் கர்ணன் விழுவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் சொன்னாயே. அவன் விழுகிற நேரம் விடிகிற நேரம், விடிகிற நேரம் வாசல் தெளிக்கிற நேரம். கூத்தில் வருகிறவர் வரலாம், போகிறவர் போகலாம், நடுவில் பாயை விரித்துத் தூங்கி எழுந்தும் பார்க்கலாம். அது அதன் அழகு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுதந்திரத்தில் எழுந்து போக வேண்டியவர்கள் எப்போதும் நாமாகவே இருந்தோம். அதனால்தான் உன்னை இங்கே ஒரு நாள் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அரங்கத்தின் பெயரில் இருக்கிற சங்கர், சங்கர் நாக். டிவியில் மால்குடி டேஸ் பார்த்தோமே, அதை எடுத்தவர். 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே பக்கம் கார் விபத்தில் போய்விட்டார். முப்பத்தாறு வயதுகூட முடியவில்லை. ஊருக்கு நல்ல நாடக அரங்கம் ஒன்று வேண்டும் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் சேர்ந்த கனவு. மனைவி அருந்ததி நாக், அவரும் மேடை நடிகைதான், பல வருஷம் அலைந்து நிதி திரட்டி 2004 அக்டோபரில் இதைத் திறந்தார். பதினான்கு வருஷம்! துக்கத்தை இப்படி ஒரு கட்டடமாக்கி, அதில் தினம் விளக்கேற்றுகிற மாதிரி ஏறக்குறைய நாள்தோறும் ஒரு நாடகம் நடக்க வைத்திருக்கிறாரே என்று ஒவ்வொரு முறை படியேறும்போதும் நினைத்துக்கொள்வேன். நீ இங்கே ஆட்டோவில் ஏறும்போது பார், பின்கண்ணாடியில் அவர் படம் ஒட்டியிருந்தாலும் இருக்கும். சினிமாவில் ஆட்டோக்காரராக நடித்தவர், இந்த ஊர் ஆட்டோக்காரர்கள் இன்னும் அவரை விடவில்லை. பெங்களூருக்கு மெட்ரோ வேண்டும் என்று எண்பதுகளிலேயே பேசியவர் என்றும் இங்கே சொல்வார்கள். இப்போது நீ அவர் அரங்கத்துக்கு மெட்ரோவில்தான் வரப்போகிறாய்.

ஏனென்றால் உன் மகள் வீட்டுப் பக்கமே மஞ்சள் லைன் ஓடுகிறது. 2025 ஆகஸ்டில் திறந்தது, பொம்மசந்திராவில் இருந்து ஆர்.வி. ரோடு வரை. நீ எலக்ட்ரானிக் சிட்டியில் ஏறினால், என்னை அன்றைக்குக் கவிழ்த்த அந்த சில்க் போர்டு நெரிசலை மேலே இருந்து பார்த்துக்கொண்டே வரலாம். ஜெயதேவா ஆஸ்பத்திரிக்கு அடுத்த ஸ்டேஷன் ராகிகுட்டா, அங்கே இறங்கிவிடு. அதையும் தாண்டினால் ஆர்.வி. ரோடு, லைன் அங்கே முடிந்துவிடும். ராகிகுட்டாவில் இருந்து அரங்கத்துக்கு ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். நாடகம் பெரும்பாலும் ஒன்பது, ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். திரும்பிப் போக மெட்ரோ இருக்கும், பயப்படாதே. தனியாக வருகிற பெண்கள் அங்கே நிறையப் பேர். முதலில் எனக்கும் கூச்சமாக இருந்தது. இப்போது பக்கத்து சீட்டில் யார் வருவார்கள் என்று பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் இரவு ஏழரைக்கு, ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரும்பாலும் மத்தியானம் மூன்றரைக்கும் ஒரு காட்சி இருக்கும். டிக்கெட்டை புக் மை ஷோவில் எடுக்கலாம், இல்லையென்றால் அரங்கத்துக் கவுண்டரிலேயே வாங்கலாம். சுமார் 320 இருக்கைதான் என்பதால் நல்ல நாடகம் என்றால் சீக்கிரம் தீர்ந்துவிடும். மேடை பார்க்கிறவர்களை நோக்கி நீண்டு வந்திருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் நடிகரின் நெற்றி வியர்வை தெரியும். சினிமாவில் எவ்வளவு பெரிதாக முகத்தைக் காட்டினாலும் கிடைக்காதது அது. தண்ணீர், தின்பண்டம் எதையும் உள்ளே எதிர்பார்க்காதே, முன்னாலேயே கேண்டீனில் சாப்பிட்டுவிடலாம். அந்த ஜவ்வரிசி வடைக்காகவே வருகிறவர்கள் உண்டு.

பேத்தியை அழைத்து வரலாமா என்று நிச்சயம் கேட்பாய். பெரியவர்கள் நாடகத்துக்கு எத்தனை வயதுக்கு மேல் என்று ஒவ்வொன்றுக்கும் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கென்றே "ஆஹா" என்ற பெயரில் தனியாக நாடகங்கள் நடத்துகிறார்கள். ஒன்றுக்கு அவளை நான் கூட்டிப்போகிறேன்.

"எனக்குக் கன்னடம் தெரியாதே" என்று நீ இப்போது முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்த டீச்சர் இதற்குப் பயப்படலாமா? ஒரு சின்னச் சாவி தருகிறேன். நம்முடைய பகரம் அவர்களிடம் பல இடங்களில் ஹகரமாகிவிட்டது. பால் ஹாலு, பூ ஹூவு, பல் ஹல்லு, புலி ஹுலி, பாட்டு ஹாடு. போவது ஹோகுவுது. இதை மட்டும் காதில் வைத்துக்கொள், பாதி வசனம் தானாகத் திறந்துகொள்ளும். மீதியை உடம்பும் முகமும் சொல்லிவிடும்.

ரங்க சங்கராவில் ஹயவதனா என்ற நாடகம் பார்த்தபோது எனக்கு அப்படித்தான் ஆயிற்று. கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் எழுதியது, 1971ல் வந்தது. உனக்குக் கதை தெரியும். விக்கிரமாதித்தனிடம் வேதாளம் கேட்குமே, தலையும் உடம்பும் மாறிப் பொருத்திவிட்டால் யார் கணவன் என்று, அதே புதிர்தான். வேதாளம் கதையில் விடை சொன்னதும் கதை முடிந்துவிடும். நாடகத்தில் விடைக்குப் பிறகுதான் அந்தப் பெண்ணின் பாடு தொடங்குகிறது. மாறின உடம்பும் மெல்ல மெல்லத் தலைக்குத் தகுந்த மாதிரி பழையபடி ஆகிவிட, அவள் விரும்பியது மறுபடி அவள் கையை விட்டுப் போகிறது. கதையை நடத்திச் செல்கிற பாகவதர் வந்து நின்றதும், "அட, இது நம் கூத்தில் வரும் கட்டியக்காரனுக்கு உறவு" என்று சொல்லத் தோன்றியது, பக்கத்தில் நீ இல்லை. கர்நாடகத்துக் கூத்தான யட்சகானத்தில் இருந்து கர்னாட் எடுத்திருக்கிறார். உன் காலம் முழுக்கக் கூத்துப் பார்த்த கண்ணுக்கு, இந்த ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியாததும் தெரியும் என்று நினைக்கிறேன். அதை நீ சொல்லி நான் கேட்க வேண்டும்.

வேறு இடங்களும் உண்டு. டவுன் ஹால் பக்கத்தில் ரவீந்திர கலாக்ஷேத்ரா, தாகூர் நூற்றாண்டை ஒட்டி எழுப்பி 1963ல் திறந்தது. பெரிய அரங்கம், மாவட்டங்களில் இருந்து குழுக்கள் வரும். அதன் பின்னால் சம்ஸ திறந்தவெளி அரங்கம் இருக்கிறது, கல்படியில் உட்கார்ந்து வானத்துக்குக் கீழே பார்க்கலாம், உனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். வயலின் வடிவத்தில் கட்டிய சௌடையா அரங்கத்தைக் கச்சேரிக்காக ஒரு நாள் பார்த்துவிடலாம். ஒயிட்ஃபீல்டில் ஜாக்ரிதி இருக்கிறது, நல்ல இடம்தான், ஆனால் உனக்கும் எனக்கும் தூரம். தமிழ்தான் வேண்டும் என்றால் அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம். ஆனால் முதல் நாள் ரங்க சங்கராதான், அதில் எனக்குச் சமரசம் இல்லை.

அக்டோபர், நவம்பர் வாக்கில் அங்கே ஒரு நாடக விழாவும் நடக்கும், வெளியூர்க் குழுக்கள் வரும். நீ வருகிற நேரமும் அதுதான். தேதி தெரிந்ததும் உன் மகளுக்குப் போன் செய்து சொல்கிறேன்.

நீ எந்தத் தேதியில் வருகிறாய் என்பதை மட்டும் உடனே எழுது. இரண்டு டிக்கெட் நான் எடுத்து வைக்கிறேன். ராகிகுட்டா ஸ்டேஷன் வாசலில் சரியாக ஆறேகாலுக்கு நிற்பேன். குடையை மறக்காதே, அந்த மாதங்களில் இங்கே சாயங்காலம்தான் மழை பிடிக்கும். குளிருக்கு ஒரு சால்வையும் எடுத்துக்கொள். மகளிடம் சாயங்காலம் ஆறு மணியில் இருந்து பத்து வரை உன்னைக் கூப்பிட வேண்டாம் என்று இப்போதே சொல்லி வை.

அண்ணனுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி