நாற்காலி கொடுத்தால் போதாது, தள்ளவும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சக்கர நாற்காலி வழங்கிய செய்தியை உங்கள் நாளிதழில் படத்தோடு பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களின் கைகளைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

14 வருடங்களுக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்து எனக்குத் தண்டுவடம் அடிபட்டது. நாற்காலி கொடுத்த அன்று பிரேக் எது, எப்படி மடக்குவது என்று காட்டினார்கள். தள்ளுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன். சக்கரத்தின் வெளிப்பக்கம் கையால் தள்ளுவதற்கென்று இருக்கும் வளையத்தின் உச்சியைப் பிடித்து, டக் டக்கென்று குட்டிக் குட்டியாகத் தள்ளியே 9 வருடம் ஓட்டினேன். அப்புறம் வலது தோள் போயிற்று. சட்டையில் கை நுழைக்க முடியவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, 60 வயது தாண்டிய அம்மாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

நடக்கிறவருக்குத் தோள் வலித்தால் கைக்கு ஓய்வு கொடுக்கலாம். எங்களுக்கு ஏது ஓய்வு? கட்டிலை விட்டு இறங்குவது, கழிவறைக்குப் போவது, புண் வராமல் இருக்க அடிக்கடி கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவது, எல்லாமே அந்தக் கைதான். ஆபரேஷன் செய்துகொண்டாலோ வாரக்கணக்கில் அதை ஊன்றவே கூடாது.

வேலூரில் ஒரு பயிற்சியாளர் எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்தார். வலப்பக்கம் நின்று பார்க்கிறவருக்குச் சக்கரம் ஒரு கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 மணி இருக்கும் இடத்தில் கையை வைத்து, 2 மணி வரை ஒரே நீளமாக, வெடுக்கென்று இல்லாமல் தள்ள வேண்டும். பிறகு விட்டுவிட வேண்டும். கை தானாகத் தொங்கி, வளையத்துக்குக் கீழாக அச்சுப் பக்கம் போய், பின்னாலிருந்து மறுபடி மேலே வரும். வளையத்தை ஒட்டியே கையைப் பின்னால் இழுத்துவரக் கூடாது. என் வீட்டு வாசலிலிருந்து கடைக்கு முன்பு 70 முறைக்கு மேல் தள்ளுவேன், இப்போது 45-க்குள் போய்விடுகிறேன். ஏற்றத்தில் மட்டும் இது சரிவராது. கையைச் சட்டென்று திரும்ப வைக்காவிட்டால் வண்டி பின்னால் உருண்டுவிடும். அங்கே பழையபடி குட்டித் தள்ளல்தான்.

நாற்காலியும் ஆளுக்குப் பொருந்த வேண்டும். வளையத்தின் உச்சியில் கை வைத்தால், முழங்கையில் மேல்கைக்கும் முன்கைக்கும் நடுவே 100 முதல் 120 டிகிரி வரை கோணம் இருப்பது நல்லது. பின்சக்கரத்தின் அச்சு, கவிழாத அளவுக்கு முன்னால் தள்ளி இருந்தால் தோளுக்குப் பாரம் குறையும். சாதாரண மடக்கு நாற்காலியில் அச்சை நகர்த்தவே முடியாது. ஒல்லியான ஆளுக்கு அகல நாற்காலியைக் கொடுத்தால், கோழி இறக்கையை விரித்த மாதிரி கையை அகட்டிக்கொண்டுதான் தள்ளுவார். காற்று டயராக இருந்தால் காற்று குறைய விடக் கூடாது என்பதைக்கூட எனக்கு யாரும் சொன்னதில்லை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமில்லை. தண்டுவடம் பாதித்தவர்களின் கைகளைக் காப்பதற்கென்றே அமெரிக்காவில் 2005-ல் மருத்துவ வழிகாட்டி வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாற்காலி வழங்க 8 படிகள் உண்டு. 7-வது படி, பயன்படுத்துபவருக்குப் பயிற்சி. நம் விழாக்களில் அந்தப் படியைத்தான் தாண்டிவிடுகிறோம்.

நாற்காலி வழங்கும் நாளில் ஒரு பிசியோதெரபிஸ்டை வரச் சொல்லுங்கள். ஆளுக்கு அரை மணி நேரம் போதும். அதே மைதானத்தில் தள்ளவைத்துப் பார்க்கட்டும், 6 மாதம் கழித்து ஒரு முறை தோளைப் பார்க்கட்டும். படம் போட்ட ஒரு தாளைத் தமிழில் அச்சடித்து நாற்காலியோடு கொடுக்கலாம். அந்தப் படத்தை உங்கள் நாளிதழும் ஒரு நாள் வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு தம்பிக்குப் போன மாதம் நாற்காலி வந்தது. சாயங்காலம் கடையைச் சாத்தியதும் கோயில் முன்னால் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இன்னும் அவசரத்தில் டக் டக்கென்றுதான் தள்ளுகிறான். "கையைத் தொங்கவிடுடா" என்றால் சிரித்துக்கொண்டே விடுகிறான். அவனுக்கு வயது 19.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்