பரிசோதனைக் கூடங்களுக்கு ஒரு சிறுநீரக நோயாளியின் திறந்த மடல்

பரிசோதனைக் கூடங்களை நடத்துபவர்களுக்கு, வணக்கம்.

எங்களுக்கு மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் நீங்கள் தரும் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான். அதனால் ஒரு கோரிக்கை: யூரினில் புரதத்தை எந்த முறையில் பார்த்தீர்கள், எந்த நேரத்து யூரின், என்ன அலகு என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். ‘புரதம் 2+’ என்று மட்டும் இருந்தால் அதை வைத்து என்ன செய்வது?

யூரினில் நனைத்து நிற மாற்றத்தைப் பார்க்கும் ஸ்ட்ரிப்பை நான் குறை சொல்லவில்லை. மஞ்சள் கட்டம் ஒரு நிமிடத்தில் பச்சையாகிவிடும், முதல் சந்தேகத்துக்கு அது போதும். ஆனால் அது காட்டுவது அந்த யூரின் எவ்வளவு செறிவானது என்பதையும் சேர்த்துத்தான். 1+ என்றால் ஒரு டெசிலிட்டரில் சுமார் 30 மில்லிகிராம், 2+ என்றால் 100. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவருக்கு 2+ என்பது 1+ ஆகிவிடலாம், குடிக்காமல் வந்தவருக்கு நேர்மாறாக. சிறுநீரகம் அப்படியேதான் இருக்கும், ஆளுக்குத்தான் தூக்கம் போகும். அப்புறம், அந்தக் கட்டத்துக்கு அல்புமின் என்ற ஒரு வகைப் புரதம்தான் நன்றாகப் பிடிபடும். மைலோமா என்ற ஒரு வகை இரத்தப் புற்றுநோயில் வெளியேறும் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் அதில் தப்பிவிடும். சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சேர்த்தால் அதே யூரின் கலங்கும். ஸ்ட்ரிப்பில் ஒன்றுமில்லை, அமிலத்தில் கலங்குகிறது என்றால் டாக்டருக்கு அது முக்கியமான துப்பு.

24 மணி நேர யூரினில் கணக்கு துல்லியம்தான், சேர்ப்பவர் சரியாகச் சேர்த்தால். கேனைக் கையில் கொடுக்கும்போதே, காலையில் எழுந்ததும் போகும் முதல் யூரினைக் கொட்டிவிட வேண்டும், மறுநாள் அதே நேரத்து யூரினைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தசையிலிருந்து வந்து யூரினில் வெளியேறும் கழிவான கிரியேட்டினின் மொத்தம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். அது மிகக் குறைவாக இருந்தால் பாதி யூரின் கேனுக்கு வரவில்லை என்று சந்தேகப்படலாம்.

தொடர்ந்து பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்து நல்ல வழி, காலை முதல் யூரினில் அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். தண்ணீர் இரண்டையும் ஒரே அளவில் நீர்க்கச் செய்வதால் விகிதம் அதிகம் ஆடாது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நிம்மதி, 300-ஐத் தாண்டினால் கவலை. இதிலும் ஓட்டை உண்டு: தசை கரைந்த முதியவருக்குக் கிரியேட்டினின் குறைவாக இருப்பதால் விகிதம் ஏறித் தெரியும். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, யூரின் தொற்று இருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டையும் நம்ப முடியாது. மாதிரி வாங்கும்போதே இதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டால் என்ன?

அலகு விஷயம் இன்னும் மோசம். கிராமுக்கு 300 மில்லிகிராம் என்பதை இன்னொரு கூடம் ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் என்று போட்டால் சுமார் 34 என்று வரும். இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாமல் நோய் குணமாகிவிட்டதாக நினைத்து மாத்திரையை நிறுத்துபவரை யார் தடுப்பது? எண்ணுக்குப் பக்கத்திலேயே அலகைக் கண்ணில் படும்படி அச்சிடுங்கள். முறையை மாற்றினால் பழைய எண்களோடு ஒரே வரிசையில் சேர்க்காமல் தனியாகக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
மாதாமாதம் உங்கள் வாசலில் வரிசையில் நிற்கும் ஒருவர்