நெட்டு வந்துடுச்சு

தம்பிக்கு, அப்பா எழுதறது.

இங்க எல்லாரும் சுகம். நேரத்துக்குச் சாப்பிடு. பதினோரு நாளா வீட்டுல நெட்டு இல்ல, அதான் உன் போன் வரலன்னு அம்மாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். நேத்து வந்துடுச்சு.

கரண்ட் போய் வந்ததுல ஆரம்பிச்சது. ரவுட்டர்ல ஃபைபர் லைன் வருதுன்னு காட்டுற பி.ஓ.என். பச்சை லைட்டு நின்னு எரியுது, லைன் அறுந்தா எரியுற எல்.ஓ.எஸ். சிவப்பு எரியல. அப்படின்னா ஃபைபர் அறுந்துபோகல, கோளாறு வேற எங்கியோன்னு நீ சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்கு. ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு ஆன் பண்ணணும்னும் நீதான் சொன்னே. எனக்குப் பொறுமை ஏது? ஊக்கை எடுத்து ரீசெட் ஓட்டையில குத்தி, பத்து எண்ணுற வரைக்கும் அமுக்கிட்டேன். நீ போட்டு வெச்ச அத்தனையும் அழிஞ்சுபோச்சு.

நெட்டு கம்பெனியில ஆள் அனுப்புறோம்னாங்க, வரல. அம்மாதான் கேஸ் புக்குப் பின்னாடி உன் கையெழுத்தைத் தேடிப் பிடிச்சா. 192.168.1.1 அடிச்சு ரவுட்டர் செட்டிங் உள்ள போயி, வெளி லைனுக்கான ‘வான்’ (WAN) பக்கத்துல பிபிபிஓஇங்கற லாகின் முறையை வெச்சு, யூசர் நேம், பாஸ்வேர்டு, வீலேன் நம்பர் எல்லாம் போட்டேன். மூணு தடவை தப்பு. நீ எழுதுற 7 எப்பவும் 1 மாதிரிதான், எத்தனை அடி வாங்கியும் திருந்தல. நாலாவது தடவை பிடிச்சுது. ஹார்பர்ல கிரேன் ஓட்டுன கை, சும்மாவா!

வைஃபைக்கு நீ வெச்ச அதே பேரு, அதே பாஸ்வேர்டு போட்டிருக்கேன். நீ வந்தா உன் போன் கேக்காமலே பிடிச்சுக்கும். சமையல்கட்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் எட்டுது, 5 கிகாஹெர்ட்ஸ் ஹாலோட நின்னுடுது.

ஜூன் 14 மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சுது. காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கினேன். அம்மா உனக்குன்னு ரெண்டு துண்டு எடுத்து வெச்சா. பழக்கதோஷம்.

நெட்டுக்கும் உன் போனுக்கும் சம்பந்தமில்லன்னு அவளுக்குத் தெரியும்டா. அவ போன்ல சிம்முலயே நெட்டு ஓடுது. நான் சொல்றதை நம்புற மாதிரி இருக்கா, அவ்வளவுதான். அன்னிக்கு சித்தப்பா எதிர்ல அந்தப் பணக் கணக்கை நான் எடுத்திருக்கவே கூடாது. நீ போனை வெச்ச பிறகும் கத்திக்கிட்டுதான் இருந்தேன். கேக்க ஆளில்லாம கத்தினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி முழிக்காதே.

ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டை மாத்தச் சொல்லுது. பழசு எல்லாருக்கும் தெரிஞ்ச கம்பெனி பாஸ்வேர்டாம். என்ன போடணும்னு நீயே சொல்லு. மெசேஜ்ல அனுப்பாதே, போன் பண்ணி சொல்லு.

அப்பா