அக்கவுண்ட்ட மொத்தமா பூட்டாதீங்க சார்: பெங்களூரு சைபர் போலீஸுக்கும் பேங்க் ஆபீசருங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் சார்.

எஸ்.பி. ரோட்டுல சின்னதா கம்ப்யூட்டர், மொபைல் பார்ட்ஸ் கடை வச்சிருக்கேன். சைபர் கம்ப்ளைன்ட்னால பேங்க் அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆகறது எனக்கும் நடந்துச்சு, எங்க லைன்ல வேற கடைக்காரங்களுக்கும் நடந்துச்சு, அதனாலதான் எழுதறேன்.

யாரோ ஒருத்தர் வந்து ஹார்ட் டிஸ்க் கேக்கறாரு, கியூஆர் ஸ்கேன் பண்றாரு, சவுண்ட் பாக்ஸ் பணம் வந்துடுச்சுன்னு சொல்லுது, பில் போட்டு பொருள குடுத்து அனுப்பிடறோம். கொஞ்ச நாள் கழிச்சு சப்ளையருக்கு பணம் போட்டா போக மாட்டேங்குது. பேங்க்ல போய் கேட்டா சைபர் கம்ப்ளைன்ட் வந்திருக்கு, ஃப்ரீஸ் ஆயிருக்குன்னு ஒரு நம்பர எழுதிக் குடுக்கறாங்க, கேஸ் எங்கன்னு பாத்தா வேற ஸ்டேட், அங்க ஃபோன் போட்டா எடுக்க ஆளில்ல. சந்தேகப்பட்ட பணம் சில ஆயிரம்தான், ஆனா பூட்டினது கடையோட மொத்த ரொட்டேஷனையும். பசங்க சம்பளம், வாடகை, ஜிஎஸ்டி எல்லாம் அதுலதான் சார் போகுது.

சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு ஃபோன் பண்ணா உடனே பணத்த நிறுத்தறது ரொம்ப நல்ல விஷயம், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஏமாந்தவங்க பணம் ஒரு மியூல் அக்கவுண்ட்ல (திருட்டுப் பணத்த கைமாத்த உபயோகிக்கற அடுத்தவங்க அக்கவுண்ட்) இருந்து இன்னொன்னுக்குத் தாவி கடைசில எங்கள மாதிரி கடைல பொருளா மாறிடுது, அதுக்குள்ள பிடிச்சாகணும். ஆனா அந்தத் தொகைக்கு மட்டும் லியன் போட்டா, அதாவது அத மட்டும் எடுக்க முடியாம நிறுத்தி வச்சா போதாதா? 2023-ல கேரளா ஹைகோர்ட்டும் 2024-ல மெட்ராஸ் ஹைகோர்ட்டும் சந்தேகப்பட்ட தொகைய மட்டும் நிறுத்தி வச்சுட்டு மீதி அக்கவுண்ட்ட ஓட்ட விடலாம்னு சொன்னதுதானே. பிஎன்எஸ்எஸ்னு சொல்ற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 106-ம் பிரிவுலயும் பிடிச்சு வச்சத உடனே மாஜிஸ்ட்ரேட்டுக்கு ரிப்போர்ட் பண்ணணும்னுதான் இருக்கு. எந்த கோர்ட்டுக்கு ரிப்போர்ட் போச்சுன்னு ஒரு எஸ்எம்எஸ் வந்தாலே எங்க போய் நிக்கறதுன்னு எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்னு சொல்லணும், எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம். அந்தத் திருடன நேர்ல பாத்தது நாங்கதான் சார். பில்லுல சீரியல் நம்பர் இருக்கு, மொபைலா இருந்தா அந்த ஃபோனோட தனி அடையாள நம்பரான ஐஎம்இஐ இருக்கு, கேமரால முகம் இருக்கு. கேமரா பதிவாகற டிவிஆர் பாக்ஸ்ல ஃபுட்டேஜ் கொஞ்ச நாள்தான் நிக்கும், அப்புறம் அது மேலயே புதுசு பதிவாயிடும். எங்க அக்கவுண்ட்ட பூட்டறதுக்கு எடுக்கற அதே நேரத்துல ஒரு கான்ஸ்டபிள் கடைக்கு வந்தா பாதி கேஸ் அங்கயே முடியும். பணத்த மட்டும் பூட்டிட்டு விட்டா அந்த ஆளு அடுத்த கடைக்குப் போயிடறான்.

இதுல புரோக்கருங்க வேற. அக்கவுண்ட்ட அன்ஃப்ரீஸ் பண்ணித் தரேன்னு ஆதார், பான், நெட்பேங்கிங் பாஸ்வேர்ட் வரைக்கும் கேக்கறாங்க, மாட்டிக்கிட்ட கடைக்காரன் பதட்டத்துல குடுத்துடறான். எந்த ஆபீஸுக்குப் போகணும்னு தெரிஞ்சா இவங்க பின்னாடி யாரு போவா?

2025 ஜூலைல யுபிஐ கணக்க வச்சு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தப்ப இந்த ஊர்ல நிறைய சின்ன கடைங்க கியூஆர எடுத்துட்டு கேஷ் மட்டும்னு எழுதி மாட்டுனாங்க. அது வேற பிரச்சனை, ஆனா ஃப்ரீஸ் பயத்துலயும் அதே பேச்ச இப்போ கேக்கறேன். எல்லாரும் கேஷுக்குப் போயிட்டா திருட்டுப் பணம் எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கறது உங்களுக்குத்தான் இன்னும் கஷ்டம்.

நாட்டுலயே முதல் சைபர் கிரைம் ஸ்டேஷன் 2001-ல ஆரம்பிச்ச ஊரு இது. ஒவ்வொரு சைபர் ஸ்டேஷன்லயும் கடைக்காரங்களுக்குன்னு ஒரு டெஸ்க் போடுங்க, கேஸ் எந்த ஸ்டேட்ல இருந்தாலும் பில்லையும் ஃபுட்டேஜையும் அங்க வாங்கிக்கிட்டு நீங்களே அந்த ஊரு போலீஸுக்கு அனுப்புங்க. பேங்க்காரங்க அக்கவுண்ட்ட தொடறதுக்கு முன்னாடி தொகை எவ்வளவுன்னு போலீஸ்கிட்ட எழுத்துல கேளுங்க. எங்க லைன்ல பில் புக்கோட வந்து நிக்க எல்லாரும் தயார்.